செங்கல் ரோஜாவுக்குப் பழம் கிடையாது

காலை 10.20.

தொட்டியைக் காணவில்லை.

மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருபத்துமூன்று ரோஜாத் தொட்டிகள் இருந்திருக்க வேண்டும். டிரைவர் மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் இருபத்திரண்டுதான் வந்தது.

"எனக்குத்தான் கண்ணு சரியில்லை போல. நீங்க எண்ணுங்க அண்ணி."

அண்ணி எண்ணவில்லை. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, எரிந்த கடை, தொலைந்த நகை, மோதிய லாரி என்று வந்த விண்ணப்பங்களில் எது நிஜம், எது புளுகு என்று பிரித்தவர். பேனாவை எடுத்துவிட்டால் அவரிடம் பொய்யின் பாச்சா பலிக்காது என்று ஆபீசில் பேர் வாங்கியவர். அவர் முதலில் தரையைப் பார்த்தார்.

தரையில் ஒரு இலைகூட உடைந்து விழவில்லை. இரண்டு பக்கத்துத் தொட்டிகளும் ஒரு சாண் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. வளைந்து நின்ற ஒரு கிளையை முட்டாமல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டும் போயிருக்கிறான் திருடன்.

"திருட வந்தவன் செடிக்கு வலிக்காம திருடியிருக்கான்," என்றார் அண்ணி. "இது ரோஜா வளர்க்கிற கை."

டிரைவர் சிமெண்டுத் திண்டில் பொத்தென்று உட்கார்ந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷம் முன்பு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. அண்ணன் ஓடி வந்தார், அவருடைய ரத்தம் பொருந்தவில்லை. அண்ணியுடையது பொருந்தியது. "ரெண்டு இருக்கு, ஒண்ணு சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தார் அந்த மகராசி.

அன்றிலிருந்து டிரைவருக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் நன்றி சொல்வார். ஊசி போடுகிற நர்ஸுக்கு நன்றி, லிஃப்ட் கதவைப் பிடிக்கிறவருக்கு நன்றி, பூத்த செடிக்கு நன்றி, பூக்காத செடிக்கும் ஆறுதலாக ஒரு நன்றி. அண்ணியிடம் மட்டும் சொல்ல முடியாது. முதல் தடவை வாயைத் திறந்தபோதே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அந்த வார்த்தை என்கிட்ட வேணாம் தம்பி. சொன்னே, குடுத்ததைத் திருப்பி வாங்கிப்பேன்."

காணாமல் போன தொட்டியில் இருந்தது, தொட்டி தூக்க உடம்பில் தெம்பு வந்த முதல் வருஷம் அவர் தன் கையால் உண்டாக்கிய புது ரோஜா. அறுபத்துமூன்று விதை போட்டு, பதினொன்று முளைத்து, ஒன்று தேறியது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பூ. இன்று மாலை ரோஜாச் சங்கத்தின் கண்காட்சியில் அதை வைத்து, பெயர் சூட்டிப் பதிவு செய்வதாக இருந்தார். பெயர் எழுதிய விண்ணப்பம் சட்டைப் பையில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. என்ன பெயர் என்று அண்ணி இரண்டு நாளாகத் துளைத்தும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"அழாதே. கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. நாம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினது எத்தனை மணிக்கு?"

"ஏழரை."

"மாசாந்திரச் செக்கப்புக்கு இன்னைக்குப் போறோம்னு யாருக்குத் தெரியும்?"

"சங்கத்துல மூணு பேருக்குத்தான் அண்ணி. மூணு பேரும் வந்துட்டும் போயிருக்காங்க, பாருங்க."

வாசற்கதவின் அடியில் கண்காட்சி நிகழ்ச்சி நிரல் செருகியிருந்தது. அது சங்கச் செயலாளர். மாடிக்கு ஏறும் வெளிப்படியில், இரவல் போன பூவாளி திரும்பி வந்திருந்தது. அது டிராயிங் டீச்சர். கதவுப் பிடியில் மாத்திரைப் பை தொங்கியது; அது மருந்துக்கடைக்காரர்.

"நாளைக்குத்தான் வரணும், ஒருநாள் முன்னாடியே கொண்டாந்து மாட்டிட்டுப் போயிருக்கார். ஒன்பது வருஷமா ஒரு மாசம் தவறினதில்லை. தங்கமான மனுஷன்," என்றார் டிரைவர். அந்த நேரத்திலும் நன்றி சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. "மூணு பேருமே தங்கம்தான் அண்ணி. போன வருஷம் கவாத்து பண்ணினப்போ செயலாளர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டார். டீச்சர் டீ போட்டுக் குடுத்தாங்க. மருந்துக்கடைக்காரர் வெட்டின குச்சிக் குப்பையை அள்ளிட்டுப் போனார். இவங்களைப் போய் எப்படிச் சந்தேகப்படுறது?"

"நீ படாதே. அதுக்கு நான் இருக்கேன். செடியில அடையாளம் ஏதாவது கட்டியிருந்தியா?"

"தகடு இருந்துச்சு. அப்பா அம்மா பேரு எழுதினது. செங்கல், பெருக்கல் குறி, வெண்ணெய்."

"நோட்டுப் புத்தகம்?"

"தகடுதான் அண்ணி நோட்டு."

நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அண்ணிக்கு. செங்கல்லும் வெண்ணெயும் ரோஜா ரகங்களுக்குச் சங்கத்தார் வைத்துக்கொண்ட செல்லப் பெயர்கள். இரண்டும் மாடியில் பக்கத்துப் பக்கத்திலேயே நின்றன. வெண்ணெயில் கோலிக்குண்டு அளவில் ஐந்தாறு பழங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. செங்கல்லின் காலடியில் மஞ்சளாகி உதிர்ந்த பிஞ்சுகள் சிதறிக் கிடந்தன.

"இந்தக் கல்யாணத்தை எப்படிப்பா பண்ணி வச்சே?"

டிரைவரின் முகத்தில் அப்போதும் ஒரு வெளிச்சம் வந்தது. "காலையில ஏழு மணிக்குச் செங்கல்லேர்ந்து மகரந்தத்தை ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன் அண்ணி. பத்து மணிக்கு வெண்ணெயில கொண்டுபோய் இறக்கிட்டேன். ஒரே டிரிப். இந்த வருஷமும் அதே டிரிப் ஒண்ணு அடிச்சிருக்கேன், அதோ அந்தப் பழம்."

அண்ணி கத்தரிக்கோலை வாங்கினார். அந்தப் பழத்தைத் தகடும் காம்பும் இலையுமாக வெட்டினார். கீழே குனிந்து மஞ்சள் பிஞ்சு இரண்டைப் பொறுக்கினார். எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு அண்ணி?"

"எதுக்கோ. கிளம்பு."

பகல் 2.15.

கண்காட்சி மண்டபம். நீள நீளமான மேஜைகள், வெள்ளை விரிப்பு, சுவரோரம் இரண்டு மின்விசிறிகள். புது ரகங்களுக்குத் தனி மேஜை. அங்கே செடி மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வளர்த்தவர் பெயர் ஒட்டிய உறைக்குள், பூட்டிய பெட்டியில். ஆள் யாரென்று தெரியாமல் பூவை மட்டும் பார்க்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். நாலு மணிக்கு உறை திறப்பார்கள். ஆட்சேபம் இருந்தால் அதற்கு முன்பே சொல்ல வேண்டும்; ஆளைப் பார்த்தபிறகு சொல்வது பகை என்று எடுத்துக்கொள்வார்கள். திறந்துவிட்டால் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறினது ஏறினதுதான்.

பதினேழாம் எண் தொட்டி முன்னால் டிரைவர் நின்றுவிட்டார்.

"அண்ணி… இது அதுதான்."

இதழின் ஓரம் செங்கல் நிறம், உள்ளே போகப் போக வெண்ணெய் நிறம். புதிதாகப் பிரித்த தேயிலைப் பொட்டலத்தின் வாசனை. தண்டெல்லாம் சிவப்பு முள், எல்லாம் கீழ்நோக்கி வளைந்தவை. பெற்ற பிள்ளையின் மச்சம் அடையாளம் தெரியாமல் போகுமா?

"உன் தொட்டியா இது?"

"இல்லை. செடியும் அது இல்லை. இது ஒட்டுச்செடி, இங்க பாருங்க." மண்ணை ஒட்டித் தண்டில் முழங்கை மாதிரி ஒரு முடிச்சு. "என் செடியோட கணு மொட்டை வேற வேர்ல வச்சுக் கட்டியிருக்காங்க. இவ்வளவு வளர ஒரு வருஷம் ஆகியிருக்கும்."

ஆக, திருட்டு இன்று நடந்ததல்ல, போன வருஷமே நடந்துவிட்டது. ஒரே பூ இரண்டு எண்ணில் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் மொட்டு எடுத்த தாய்ச்செடி இன்று போயிருக்கிறது. ஆனால் அது இன்னாருடையது என்று எப்படி நிரூபிப்பது? போட்டோ இல்லை, நோட்டு இல்லை, தகடும் போய்விட்டது. கண்காட்சி வரைக்கும் ரகசியம் என்று பூவை வெளியாள் யாருக்கும் காட்டியதுமில்லை.

அண்ணி தொட்டி முன் இருந்த அட்டையைப் படித்தார். எல்லாம் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

எண் 17. தாய்: செங்கல். தந்தை: வெண்ணெய்.

மறுபடியும் படித்தார். கைப்பையைத் திறந்து பழத்திலிருந்த தகட்டையும் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, பஸ் போர்டுல எந்த ஊரை முதல்ல எழுதுவாங்க?"

டிரைவர் விழித்தார். "புறப்படுற ஊரைத்தான். போய்ச் சேர்ற ஊர் அடுத்து. இப்ப எதுக்கு அண்ணி பஸ்ஸு?"

"சும்மாதான் கேட்டேன். இங்கேயே நில்லு, யாருக்கும் நன்றி சொல்லாம நில்லு."

பகல் 2.50.

செயலாளர் பதிவேட்டு மேஜையில் இருந்தார். ரோஜாவே உலகம் என்று நாற்பது வருஷத்தை ஓட்டியவர்.

"வாங்கம்மா. செடி காணோமாமே? கேட்டதுலேர்ந்து மனசே சரியில்லை."

"ஒரு சின்ன உதவி சார். எனக்கும் விதை போட்டுப் பார்க்கணும்னு ஆசை. செங்கல் பழம் ஒண்ணு கிடைக்குமா?"

செயலாளர் அந்தத் துக்கத்திலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "செங்கல் பழமா! நானும் நாற்பது வருஷமாத் தேடுறேன்மா. கிடைச்சா எனக்கும் ஒண்ணு குடுங்க."

பகல் 3.05.

டிராயிங் டீச்சர் பூக்களை வரைந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"செங்கல் பழம் கிடைக்குமா டீச்சர்?"

"பழம் வேணும்னா வெண்ணெய்கிட்ட கேளுங்கக்கா. செங்கல்ல பிஞ்சை ஒருதடவை வரைய ஆரம்பிச்சேன். மூணு வாரம் கழிச்சு முடிக்கப் போனா, செடியில ஒண்ணுமில்லை."

பகல் 3.15.

மருந்துக்கடைக்காரர் பரிசு மேஜை அருகே இருந்தார். ஒட்டுக் கட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பிளேடால் ஒரு கீறு, மொட்டை வைத்து ஒரு கட்டு, காய்ந்த கொம்பும் துளிர்க்கும். வருஷா வருஷம் பெரிய பூவுக்கான கோப்பை அவருக்குத்தான். அன்று மனிதர் ஏனோ வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி எப்படி இருக்கார்? மதிய மாத்திரை போட்டாரா?"

"போட்டான். உங்க புண்ணியம். எனக்கு ஒரு செங்கல் பழம் வேணுமே, விதை போட."

"இவ்வளவுதானே? சீசன்ல தாராளமாக் கிடைக்கும். ரெண்டு மூணு பறிச்சுக் கொண்டாந்து தர்றேன்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் அண்ணி. நிஜமாகவே சந்தோஷம்தான். ஆனாலும் அவர் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக மாத்திரை கொண்டுவந்த கை அல்லவா அது?

பகல் 3.50.

"ஒரு ஆட்சேபம்," என்றார் அண்ணி.

செயலாளர் பெட்டிச் சாவியைக் கீழே வைத்தார்.

"எந்த எண்?"

"பதினேழு. அந்த அட்டையில இருக்கிறது பொய். அட்டையை எழுதினவர் இந்த ரோஜாவை உண்டாக்கலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"அட்டையில தாய் யாரு சார்?"

"செங்கல்." படித்த பிறகுதான் செயலாளருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றி மாட்டி மறுபடி படித்தார். "அடக் கடவுளே! காலையிலேர்ந்து பத்து தடவை இதைத் தாண்டிப் போறேன். பூவையே பார்த்துக்கிட்டிருந்துட்டேன்!"

அண்ணி மஞ்சள் பிஞ்சுகளை வெள்ளை விரிப்பின் மேல் வைத்தார். "செங்கல்லுக்குக் காய் தங்காது. மூணே வாரத்துல இப்படி மஞ்சளாகி உதிர்ந்துடும். மகரந்தம் மட்டும் அள்ளி அள்ளிக் குடுக்கும். அது அப்பாவா இருக்கலாம், அம்மாவா இருக்கவே முடியாது. நிஜமா உண்டாக்கினவருக்கு, பழம் எந்தச் செடியில தொங்கிச்சுன்னு மறக்குமா? மாசக்கணக்கா அதைக் காவல் காத்திருப்பாரே!"

"அப்போ இப்படி எழுதினவர்…"

"தகட்டைப் பார்த்து எழுதியிருக்கார்." பழத்தைத் தகடோடு எடுத்து வைத்தார். "இது எங்க தம்பி மாடியில இன்னைக்கு நான் வெட்டினது. வெண்ணெய்ச் செடியில காய்ச்ச பழம். இலையைப் பாருங்க, வெண்ணெய்தான். தகட்டைப் படிங்க."

"செங்கல், பெருக்கல் குறி, வெண்ணெய்."

"நீங்க எல்லாரும் எப்படி எழுதுவீங்க?"

"தாய் முதல்ல, தந்தை அடுத்து. உலகம் பூரா அதான் வழக்கம்."

"எங்க தம்பி உலகத்துக்கு எழுதலை சார். அவர் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். போர்டுல புறப்படுற ஊர் முதல்ல, போய்ச் சேர்ற ஊர் அடுத்து. மகரந்தம் புறப்பட்டது செங்கல்லேர்ந்து, போய்ச் சேர்ந்தது வெண்ணெயில. அதைத்தான் எழுதி வச்சார். திருடினவர் அந்தத் தகட்டை ஊர் வழக்கப்படி படிச்சுட்டார்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அப்போ இத்தனை நாளா நான் தப்பாவா எழுதிக்கிட்டிருந்தேன்?"

"நல்லவேளை தப்பா எழுதினே," என்றார் அண்ணி. "சார், இன்னைக்குக் காலையில நாங்க வீட்டுல இருக்க மாட்டோம்னு தெரிஞ்சவங்க மூணு பேர். நீங்களா இருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது, செங்கல் பத்தி உங்களுக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும், வரையப் போய்ப் பார்த்தவங்க. விதையே போடாம, ஒட்டு மட்டுமே கட்டுறவருக்குத்தான் செங்கல் காய்க்குமா காய்க்காதான்னு தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அரைமணி முன்னாடி ரெண்டு மூணு செங்கல் பழம் பறிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் வாக்குக் குடுத்திருக்கார். போன வருஷம் கவாத்துக் குச்சிகளைக் குப்பைன்னு அள்ளிட்டுப் போனவரும் அவர்தான். நாளைக்கு வரவேண்டிய மாத்திரையை, வீட்டுல ஆள் இல்லாத நேரம் பார்த்து இன்னைக்கே கொண்டுவந்தவரும் அவர்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மருந்துக்கடைக்காரர் கோப்பை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உறையைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"நான்தான்," என்றார். "குப்பையில போட மனசு வரலை. ஒரு மொட்டை வச்சுப் பார்ப்போம்னுதான் கட்டினேன். பூத்ததும்… இருபத்தாறு வருஷமா எல்லாரும் என்னை, ஊரான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுறவர்னு கேலி பண்ணுவாங்க. எனக்குன்னு ஒரு பூ இருக்கட்டுமேன்னு தோணிப்போச்சு."

"தாய்ச்செடி எங்கே?" என்றார் செயலாளர்.

"ஸ்கூட்டர்ல ஏத்தும்போது நழுவிடுச்சு. தொட்டி உடைஞ்சு ஆணிவேர் முறிஞ்சிடுச்சு. ஈரச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். பிழைக்காது."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் தூக்கி வளர்த்தது. ஓங்கி ஒரு அறை விட்டாலும் தப்பில்லை என்று அண்ணிக்குத் தோன்றியது.

டிரைவர் கண்ணைத் திறந்தார். "ஒட்டு மொத்தம் எத்தனை கட்டியிருக்கீங்க அண்ணே?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டும் உயிரோட இருக்கா?"

"ஒண்ணுகூடப் போகலை."

"அப்போ தாய்ச்செடி போனாலும், உங்க கையால இந்த ரோஜா உலகத்துல பிழைச்சுக்கிச்சு." டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "திருடினதுக்குக் கோபம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பிழைக்க வச்சதுக்கு நன்றிண்ணே."

அந்த மனிதர் இடிந்துபோய் அழுதார். சட்டப்படி அவரை நீக்க வேண்டும் என்று செயலாளர் தொடங்க, கோப்பையை மட்டும் திருப்பி வாங்கினால் போதும் என்று டிரைவர் கெஞ்ச, கடைசியில் அப்படியே முடிவானது.

முறைக்காகப் பதினேழாம் உறையைப் பிரித்தார்கள். வளர்த்தவர் பெயர் இருந்தது. ரோஜாவின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"பேரு வைக்க மட்டும் கை வரலை," என்றார் மருந்துக்கடைக்காரர்.

மாலை 4.55.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து தன் உறையை எடுத்துக் கொடுத்தார். வேர்வையில் அது நமுத்துப் போயிருந்தது. செயலாளர் பிரித்து உரக்கப் படித்தார்.

"தாய், வெண்ணெய். தந்தை, செங்கல். ரோஜாவின் பெயர்…" நிறுத்தினார். அண்ணியை ஒருமுறை பார்த்துவிட்டுப் படித்தார். "அண்ணி."

முப்பது வருஷம் எந்த விண்ணப்பத்தைப் பார்த்தும் முகம் மாறாத அண்ணி, பதினேழாம் தொட்டி பக்கம் திரும்பிக்கொண்டார். பூவைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். புடவைத் தலைப்பு இரண்டு தடவை முகத்துக்குப் போய் வந்தது.

"இவ்வளவு முள்ளு இருக்கே தம்பி. இதுக்கா என் பேரு?"

"அதனாலதான் அண்ணி வச்சேன்."

மண்டபமே சிரித்தது. அண்ணியும் சிரித்தார், அழுதுகொண்டே.

"ஒன்பது வருஷமாச் சொல்லாதேன்னேன்ல?" என்றார். "இப்போ ஒரே ஒரு தடவை சொல்லிக்கோ."

லிஃப்ட்காரருக்கும் பூக்காத செடிக்கும் சொன்ன மனிதருக்கு இப்போது வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் நீண்டது. மருந்துக்கடைக்காரர்தான்.

"அஞ்சு மணி மாத்திரை," என்றார் தலை நிமிராமல்.

டிரைவர் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"நன்றி அண்ணி."

"ம். போதும்," என்றார் அண்ணி. "இன்னொரு தடவை சொன்னே, திருப்பி வாங்கிப்பேன்."